கோடையில் ராமநாதபுரம் கடலில் படகுப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் பக்கம் மோட்டார் படகில் தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வீடியோ ஏதாவது பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு தீவில் காலைச் சாப்பாடு, அடுத்த தீவில் குளியல், சாயங்காலம் ஒரு மெரினாவில் படகைக் கட்டி, கரண்டு இழுத்துக்கொண்டு உள்ளேயே தூக்கம். இங்கே அது நடக்காது. தொண்டியிலிருந்து மூக்கையூர் தாண்டி 200 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கிடக்கிறது, ஆனால் உல்லாசப் படகு கட்ட என்று ஒரு மெரினாகூட இல்லை. இருப்பதெல்லாம் மீனவர்கள் தொழில் செய்யும் ஜெட்டிகளும் இறங்குதளங்களும்தான். தீவுகளிலும் நினைத்த இடத்தில் காலை வைக்க முடியாது.

அப்படியும் இந்தக் கடலில் பார்க்க நிறைய இருக்கிறது. எங்கே, எப்போது, யார் படகில் என்ற மூன்றையும் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். அதில் பெரும் பகுதியைக் காற்றுதான் முடிவு செய்யும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

எந்தக் கடல்?

மண்டபம் முனையும் பாம்பன் தீவும் சேர்ந்து கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்றால் போதும். மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் ஒரே காலையில் ஒரு கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும், மற்றது படகை நிற்கவிடாமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் அப்படியே தலைகீழ். கோடை இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. மார்ச்சில் இரண்டு பக்கமும் அனேகமாகச் சாதுவாக இருக்கும். ஏப்ரல் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து சோழகம் வலுக்கத் தொடங்கும், மே கடைசியில் தென்கடலில் நல்ல நாள் கிடைப்பதே கொஞ்சம்தான். பிள்ளைகளுக்கு லீவே மே மாதம்தானே என்பீர்கள். சரி, அப்படியானால் திட்டத்தை வடகடலை நம்பிப் போடுங்கள், தென்கடல் கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியை உங்களால் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் மார்ச்சிலேயே வந்துவிடுவது உத்தமம்.

நாளுக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. விடியற்காலையில் தரையிலிருந்து மெல்லிய காற்று கடலுக்குப் போகும், தண்ணீர் அமைதியாக இருக்கும். வெயில் ஏறி மணல் சுட்டதும் கடற்காற்று திரும்பி அடிக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு மேல் சின்னப் படகில் வெளியே இருப்பது சுகமாக இருக்காது. அதனால்தான் இங்கே யாரும் மதியத்துக்குப் படகு ஏறச் சொல்லமாட்டார்கள்.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் அலை உயரம், நீரோட்டம் எல்லாம் முன்கூட்டியே சொல்கிறது. அதையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் முந்தின நாள் இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை பாருங்கள். காற்று மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டும் என்றிருந்தால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சின்ன ஃபைபர் படகில் போகாதீர்கள், இது என் அளவுகோல். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலில் எழுந்த அலை நாட்கணக்கில் ஓடிவந்து, இங்கே இலைகூட அசையாத நாளில் கரையேறும். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அன்றைக்கு எந்த எண் என்றெல்லாம் ஆராய வேண்டாம், ரூமுக்குத் திரும்பிவிடுங்கள்.

எந்தத் தீவு?

பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1989-ல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு எல்லாம் மண்டபம் பக்கத்துக் கூட்டம். முல்லி, வாழை, தலையாரி, அப்பா தீவு கீழக்கரைக்கு நேரே வரும். ஒன்றிலும் ஆள் குடியிருப்பு இல்லை. ஒன்றிரண்டு தீவுகள் அரித்து அரித்துக் கடலுக்குள்ளேயே போய்விட்டன, அந்த இடத்தில் இப்போது திட்டுதான். முன்பு பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

வனத்துறை அனுமதி இல்லாமல் இவற்றில் இறங்குவது குற்றம். ‘நமக்குத் தெரிந்த பையன், முயல் தீவில் இறக்கிவிடுவான், பிரியாணி ஆக்கிச் சாப்பிடலாம்’ என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். மாட்டினால் அவர் படகு போகும், உங்கள் மேல் வழக்கு வரும்.

முறையாகப் போக வழி இருக்கிறது. பாம்பனுக்குத் தெற்கே குந்துகாலிலிருந்து குருசடை தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. தீவுக்கடல் என்றால் எப்படி இருக்கும் என்று முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குந்துகாலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு, 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பியபோது காலெடுத்து வைத்த கரை இதுதான், நினைவு மண்டபம் அங்கேயே இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். மேற்கே ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடிப் படகு. அடித்தளக் கண்ணாடி வழியாகப் பவளமும் கடல்தாழை என்கிற கடற்புல்லும் தெரியும், தென்கடல் தெளிந்திருக்கும் நாளாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கலங்கியிருந்தால் காசுக்குக் கேடு. வடக்கே தொண்டி ரோட்டில் காரங்காடு, அலையாத்திக் காட்டுக்குள் படகும் துடுப்புப் படகும் உண்டு, ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள்.

கட்டணம், நேரம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து ‘நாளைக்குப் படகு ஓடுகிறதா’ என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் திறக்கும் நேரத்துக்கு முன்பே வரிசையில் இருக்க வேண்டும்.

படகும் ஆளும்

பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகு வேறு, மீன்பிடிப் படகு வேறு. நாட்டுப்படகு வைத்திருக்கும் அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், கடலை அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் சுற்றுலாப் பயணியை ஏற்றக் கூடாது என்பதுதான் விதி. ஏதாவது நடந்தால் காப்பீடும் கிடைக்காது. அதனால் படகு ஏறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: பயணிகள் படகு அனுமதி இருக்கிறதா, எத்தனை பேருக்கு இருக்கிறது? கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேரளத்தில் தானூரில் 2023 மே மாதம் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். ‘ரெண்டு பேர்தானே, மடியில உட்காருங்க’ என்று சொல்லும் படகில் ஏறவே ஏறாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. போட்டபின் தோள் பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைக்குப் பெரியவர்களுடையதைப் போட்டு இறுக்கிக் கட்டுவது போடாததற்குச் சமம், தண்ணீரில் விழுந்தால் குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்ன அளவு இல்லை என்றால் வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு வாருங்கள். வெக்கையாக இருக்கிறது என்று கழற்றி உட்காரும் இடத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாப் படகிலும் இரண்டு பேர் இருப்பார்கள்.

இன்ஜினையும் ஒரு பார்வை பாருங்கள், மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. அவுட்போர்டு ஓடும்போது அதன் பின்பக்கம் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் கம்பி மாதிரி பீய்ச்ச வேண்டும். கடல் தண்ணீரை இழுத்துத்தான் இன்ஜின் சூடு தணிகிறது, அந்தப் பீச்சல் நின்றால் உள்ளே தண்ணீர் போகவில்லை என்று பொருள். கடல்தாழையும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சும் இடத்தை அடைத்துக்கொள்வது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். ஓட்டுபவர் கவனிக்கவில்லை என்றால் ‘அண்ணே, தண்ணி வரல’ என்று ஒரு குரல் கொடுங்கள், இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பார்த்து அடைப்பை எடுத்துவிடுவார். விட்டால் நடுக்கடலில் நின்றுபோகும்.

எண்ணெய்க் கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. எதிர்க்காற்றில் திரும்பும்போது போனதைவிட அதிகம் குடிக்கும்.

தடைக்காலத்து ஜெட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கக் காலம். உங்கள் கோடை விடுமுறை முழுக்க இதற்குள்ளேயே வந்துவிடும். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஜெட்டிகளில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருக்கும், கரையில் ஏற்றிப் பலகை மாற்றுவதும் பெயிண்ட் அடிப்பதுமாக இருப்பார்கள். வருமானம் இல்லாத மாதம். அந்த நேரத்தில் விரித்து உலர்த்திய வலை மேல் செருப்புக் காலோடு நடந்து செல்ஃபி எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், நியாயம்தான். கட்டியிருக்கும் படகைத் தாண்டி உங்கள் படகுக்குப் போக வேண்டும் என்றால் ‘ஏறிக்கலாமாண்ணே’ என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. எனவே கடலில் வலை இருக்கும். தெர்மாகோல் மிதவையும் காலி கேனும் வரிசையாகத் தெரிந்தால் அது வலையின் தலைமாடு, அதைக் குறுக்கே வெட்டாமல் சுற்றிப் போக வேண்டும். வடகடல் கரையோரம் மூங்கில் மிதவைகளில் கடற்பாசி கட்டி வளர்க்கிறார்கள், அதன் பக்கமே போகாதீர்கள். கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் உங்கள் காலைப் பொழுது போயிற்று, அங்கே பாசி கட்டியவருடைய மாதக் கூலியும் போயிற்று.

தண்ணீரின் நிறம்

படகோட்டி பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டால் பயணத்தின் சுவையே வேறு. அடர் நீலம் ஆழம். வெளிர் பச்சை மணல் தரை, ஆழம் குறைவு. பழுப்பும் மஞ்சளும் கலந்து தெரிந்தால் பார், அதாவது பாறையோ பவளமோ மேலே வந்து நிற்கிறது. கறுத்த திட்டாக இருந்தால் கடல்தாழையாகவும் இருக்கலாம், பவளமாகவும் இருக்கலாம். ஓரம் மங்கலாகக் கரைந்து போனால் பெரும்பாலும் தாழை, வெட்டினாற்போல் இருந்தால் பார். மேகம் ஒன்று சூரியனை மறைத்தால் இந்தப் பாடம் முழுக்க அழிந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் மேற்பரப்பின் பளபளப்பு குறைந்து உள்ளே தெரியும், கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இதில் ஒரு சிக்கல். நிறம் தெரிய வெயில் உச்சிக்குப் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காற்றோ உச்சி வேளையில்தான் எழும்புகிறது. காலை ஆறரைக்குப் புறப்பட்டால் கடல் அமைதி, ஆனால் கிழக்கே பார்த்துப் போகும்போது கண் கூசுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆகவே பழகிய ஆழமான பாதையில் காலையிலேயே போய்விட்டு, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பார் பக்கம் மெதுவாகச் சுற்றி, பதினொன்றுக்குக் கரையைப் பார்த்துத் திரும்பிவிடுவதுதான் நடைமுறை. ஒன்றரை மணி நேரம்தானா என்று தோன்றும். பார்க்க அது போதும்.

நங்கூரம் போடுவது மணலில் மட்டும். வெளிர் பச்சைத் திட்டாகத் தேடி, படகைக் காற்றுக்கு முகமாக நிறுத்தி, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து மெதுவாக இறக்க வேண்டும், தூக்கி வீசக் கூடாது. ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் பிடிக்கும். பவளத்தின் மேல் விழுந்தால் இரும்பு ஒரு நொடியில் உடைப்பது வளரப் பல வருடம் பிடிக்கும். ஏற்கனவே 2010-லும் 2016-லும் கடல் சூடு ஏறி இங்கே பவளம் வெளுத்தது. பவளத்தையும் சங்கையும் நினைவுக்கு என்று பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தில் யானை, புலி இருக்கும் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செக்போஸ்டில் சுற்றுலா வந்தவர் என்று விடமாட்டார்கள்.

தண்ணீருக்குள் இறங்குவதென்றால் முழுக்கை சட்டை போட்டு இறங்குங்கள். கோடையில் சொறி, அதாவது ஜெல்லி மீன் மிதந்து வரும், உடம்பில் பட்டால் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

பாம்பன் கால்வாய்

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் படகு போக இங்கே இருக்கும் வாசல் இதுதான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் வரும்போது ஆட்கள் நெம்புகோல் பிடித்துக் கையால் சுற்றித் திறப்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. விசைப்படகும் சிறு கப்பலும் துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், சின்னப் படகுகள் பாலம் தூக்காமலே அடியில் போய்விடும்.

முதல்முறை வருகிறவர் தானே ஓட்டிக் கடக்க நினைக்கவே கூடாத இடம் இது. இரண்டு கடலின் நீர்மட்டம் ஒன்றாக இருப்பதில்லை, அதனால் அந்தக் குறுகலில் நீவாடு, அதாவது நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. இரு பக்கமும் பாறை. உள்ளூர் ஓட்டுநர்கள் தூணுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, வேகத்தைக் குறைக்காமல் ஒரே மூச்சில் போவதைப் பார்க்கலாம், வேகம் குறைந்தால் சுக்கான் பேச்சைக் கேட்காது. பார்த்து ரசிக்க ரோட்டுப் பாலத்தின் மேலே நின்றால் போதும். வண்டியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள், போலீஸ் விரட்டும்.

எல்லை

தனுஷ்கோடிக்குக் கிழக்கே மணல்திட்டுகள், அதற்கப்பால் இலங்கை. 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. மீனவர்கள் அதனால் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீங்களும் அதில் போய்ச் சிக்க வேண்டாம். கச்சத்தீவுக்கு அந்தோணியார் திருவிழாவின்போது அனுமதி பெற்றவர்கள் மட்டும் போகலாம், மற்ற நாட்களில் ‘தூரத்திலிருந்து காட்டுறேன்’ என்று யாராவது கூப்பிட்டால்கூடப் போகாதீர்கள். எல்லோரும் ஆதாரைக் கையில் வைத்திருங்கள், ரோந்துப் படகு நிறுத்திக் கேட்கும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போன் சில சமயம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பில்லில் தெரியும்.

அவசரத்துக்குக் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் போட்டுக்கொள்ளுங்கள். போனை ஜிப் போட்ட நீர்புகாப் பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் அந்த எண்களுக்குப் பயன்.

மூன்று நாளுக்கு ஒரு வழி

முதல் நாள் காரங்காடு. அலையே இல்லாத தண்ணீரில் தொடங்கினால் வீட்டில் யாருக்குத் தலைசுற்றுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வருகிற வழியில் தேவிபட்டினம் நவபாஷாணம். இரண்டாம் நாள் விடியலில் பாம்பன் போய், காற்று நன்றாக இருந்தால் குந்துகால், குருசடை. மூன்றாம் நாள் கீழக்கரை வழியாகப் பிச்சைமூப்பன்வலசை, திரும்பும்போது கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் காற்று மாறினால் இரண்டையும் மூன்றையும் மாற்றுவதில் பயனில்லை, இரண்டுமே தென்கடல். அப்போது மண்டபத்துக்கு மேற்கே அரியமான் கடற்கரைக்குப் போங்கள், அது வடகடல், பிள்ளைகள் பாட்டுக்குக் குளிக்கும்.

வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் தின்னக் கூடாது. இரண்டு இட்லி போதும். அவோமின் போடுவதென்றால் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். அணியத்தில் உட்கார எல்லோருக்கும் ஆசை, அங்கேதான் ஆட்டம் அதிகம். நடுவுக்குப் பின்னால் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பிக்கு ஒரு நாடா, மாற்றுத் துணி. மேல்துண்டு ஒன்று கூடுதலாக இருந்தால் வெயிலுக்கும் ஆகும், தெறிக்கும் தண்ணீருக்கும் ஆகும். கரைக்கு வந்ததும் கேமரா, கண்ணாடி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு அன்றைக்கே இறங்கினால்தான் இறங்கும். பாம்பன் ரோட்டோரம் மே மாதத்தில் நுங்கு கிடைக்கும்.